அம்மா பக்கத்துக் கதவு

“யாருடா கதவத் தட்டறது?”

அம்மா இதைக் கேட்டபோது வண்டி 80-ல் போய்க்கொண்டிருந்தது. திண்டிவனத்தில் ஒரு ரிசப்ஷன் முடிந்து தாம்பரம் திரும்புகிறோம். மணி 11, மேல்மருவத்தூர் தாண்டியாயிற்று. திடீரென்று கதவுப் பூட்டுகள் தானாகவே மூடித் திறந்து, மூடித் திறந்து, டக்கு டக்கு டக்கு என்று கச்சேரிக்கு முன்னால் தவில்காரர் தட்டிப் பார்ப்பது மாதிரி ஒரு சத்தம். கொஞ்ச தூரம் போனதும் நின்றது. படாளம் கிட்டே மறுபடி ஆரம்பித்தது. வண்டியை ஓரங்கட்டி, டேஷ்போர்டுக்குக் கீழே கையை விட்டு சென்ட்ரல் லாக் ஃப்யூஸைப் பிடுங்கினேன். அமைதி.

“தட்டறவன் போயிட்டானா?” என்றாள் அம்மா.

இது அந்த ஃப்யூஸில் தொடங்கி நாலு ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்ற கதை. கார் வயரிங்கில் ஆர்வம் இல்லாதவர்கள் நடுவில் நான் அசடு வழிந்த இடத்தை மட்டும் படித்துவிட்டுப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

வண்டி 2006 மாடல் சான்ட்ரோ ஜிங். எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, இருங்காட்டுக்கோட்டையில் பிறந்தது. அப்பா வாங்கியது. 15 வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பித்தாகிவிட்டது; விற்கச் சொல்பவர்கள் எல்லாரும் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள். வாங்கும்போது இதில் சென்ட்ரல் லாக் கிடையாது. கையால் ஏற்றும் கண்ணாடி, கையால் அழுத்தும் பூட்டு. இரண்டு மூன்று வருடம் கழித்து அப்பா ஏதோ ஒரு ஆக்சசரீஸ் கடையில் விட்டு நாலு கதவுக்கும் செட் போட்டுக்கொண்டு வந்தார். மத்தியானம் விட்ட வண்டி சாயங்காலம் ரெடி. ஏன் அவ்வளவு சீக்கிரம் ரெடியானது என்பது கதவைப் பிரித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

யோசித்துப் பார்த்தால் அன்று ராத்திரி வந்த தட்டல் திடீரென்று வந்ததில்லை. ஆறு மாதமாகவே, பூட்டிவிட்டுப் போன வண்டி சில நேரம் திரும்பி வந்து பார்த்தால் திறந்து கிடக்கும். நான்தான் மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்வேன். அதற்கும் முன்னாலிருந்தே பின்பக்க இடது கதவு, அதாவது அம்மா உட்காரும் பக்கம், மற்றதோடு சேர்ந்து பூட்டாது. பூட்டின் நாப் லேசாக நடுங்கும், இறங்காது. அம்மா விரலால் ஒரு அழுத்து அழுத்திக்கொள்வாள். அது எங்கள் வீட்டுப் பழக்கமாகவே ஆகிவிட்டது.

கார் கடையில் கேட்டேன். கதவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. “பழைய செட்டு சார். தூக்கிப் போட்டுட்டு ரிமோட்டோட புது செட்டே போட்டுடலாம், மூவாயிரத்து ஐநூறு.” போடலாம்தான். ஆனால் புது செட்டையும் அதே ஓட்டைக்குள், அதே மத்தியானம் டு சாயங்காலம் கணக்கில்தானே போடப் போகிறார்கள்?

இந்த சென்ட்ரல் லாக் சமாசாரம் பார்க்கத்தான் மாயம். உள்ளே ரொம்ப எளிமையானது. கதவுக்குள் இருப்பதைக் கடைக்காரர்கள் லாக் மோட்டார் என்பார்கள். பொம்மைக் காரில் இருப்பதுபோல ஒரு குட்டி டி.சி. மோட்டார், சில பிளாஸ்டிக் பல்சக்கரங்கள், முன்னும் பின்னும் 2 சென்டிமீட்டர் போல நகரும் ஒரு தண்டு. அந்தத் தண்டை ஒரு கம்பியால் கதவின் பூட்டுக் கம்பியோடு கோத்திருப்பார்கள். இரண்டு வயர், நீலமும் பச்சையும். ஒன்றுக்கு பிளஸ், மற்றதற்கு மைனஸ் கொடுத்தால் தள்ளும். மாற்றிக் கொடுத்தால் இழுக்கும். கரண்ட் இல்லாதபோது நாப்பைக் கையால் இழுத்தாலும் மோட்டார் முறைக்காமல் விட்டுக்கொடுக்கும்படி செய்திருப்பார்கள். பேட்டரி செத்தாலும் உள்ளே மாட்டிக்கொள்ள மாட்டோம் என்பதால் எனக்குப் பிடித்த விஷயம் இதுதான்.

டேஷ்போர்டுக்குக் கீழே தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கன்ட்ரோல் பாக்ஸ், அதற்குள் இரண்டு ரிலே, அதாவது கரண்டால் மாறும் சுவிட்ச். சும்மா இருக்கும்போது மோட்டாரின் இரண்டு வயரையும் அது எர்த்தில் வைத்திருக்கும். பூட்டச் சொன்னால் ஒரு ரிலே தன் வயரை மட்டும் 12 வோல்ட்டுக்குத் தூக்கி, அரை வினாடி போலப் பிடித்து, மறுபடி எர்த்தில் விட்டுவிடும். திறக்கச் சொன்னால் மற்ற ரிலே. அவ்வளவுதான்.

சொல்வது யார்? டிரைவர் கதவு. அந்த மோட்டாருக்கு மட்டும் 5 வயர். நீலம், பச்சையோடு வெள்ளை, பிரவுன், கருப்பு. கருப்பு எர்த். தண்டு பூட்டும் பக்கம் போனால் வெள்ளையும், திறக்கும் பக்கம் போனால் பிரவுனும் கருப்போடு சேரும் (எங்கள் செட்டில் அப்படி, நிறத்தை நம்பி எந்த வண்டியிலும் இறங்காதீர்கள்). வெள்ளை எர்த்தைத் தொட்டால் பாக்ஸ் நாலையும் பூட்டும், பிரவுன் தொட்டால் நாலையும் திறக்கும்.

இதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்ததும் தவில்காரர் யார் என்று பாதி புரிந்துவிட்டது. எர்த் என்பது வண்டியின் இரும்புதான். பிரவுன் வயரின் தோல் எங்கேயோ உரிந்து தகட்டைத் தொட்டால் வண்டி தானாகத் திறந்துகொள்ளும். அதுதான் ஆறு மாதமாக நடந்தது. அதே இடத்தில் வெள்ளையும் உரிந்தால்? குலுக்கலில் ஒன்று மாற்றி ஒன்று தொட, திற, பூட்டு, திற, பூட்டு.

உரிந்த இடத்தை எங்கே தேடுவது? மெர்சிடிஸ் டபிள்யூ 123 என்று ஒரு வண்டி, 1976-லிருந்து 10 வருடம் செய்தார்கள். அதன் சென்ட்ரல் லாக்கில் மோட்டாரே கிடையாது. இன்ஜினிலிருந்து கிடைக்கும் வெற்றிடத்தை ஒரு தொட்டியில் சேர்த்து, மெல்லிய குழாய்கள் வழியாகக் கதவுக்குக் கதவு அனுப்பிப் பூட்டுவார்கள். அதை வைத்திருப்பவர்கள் கைப் பம்பை எடுத்துக்கொண்டு எந்தக் குழாயில் காற்று ஒழுகுகிறது என்று தேடுவார்கள். கதவுக்கும் உடம்புக்கும் நடுவே தினம் மடங்கி விரிகிற எதுவாக இருந்தாலும், காற்றுக் குழாயோ தாமிர வயரோ, அதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

முதல் ஞாயிறு கதவு பிரிப்பதிலேயே போனது. கண்ணாடி ஏற்றும் கைப்பிடிக்கு வெளியே ஸ்குரூவே தெரியாது. பின்பக்கம் குதிரைலாடம் மாதிரி ஒரு கம்பிக் கிளிப் பிடித்திருக்கும். ஸ்குரூடிரைவரால் நெம்பினால் டோர் பேட், அதாவது கதவின் உள்பக்க மூடி, கிழியும். ஒரு பழைய பனியன் துணியைக் கைப்பிடிக்கும் பேடுக்கும் நடுவே செருகி, செருப்புக்கு பாலிஷ் போடுகிற மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுக்க வேண்டும். துணியின் நூல் கிளிப்பின் முனையைப் பிடித்து இழுத்து ‘டிங்’ என்று வெளியே தள்ளும். அந்த ‘டிங்’ வரும் முன் ஒரு கையால் மறைத்துக்கொள்ளுங்கள். என்னுடைய முதல் கிளிப் செம்பருத்திச் செடிக்குள் பறந்தது, இன்னும் அங்கேதான் இருக்கிறது.

பேடைக் கழற்றினால் உள்ளே கறுப்புப் பசையில் ஒட்டிய பிளாஸ்டிக் தாள். கண்ணாடி வழியாக உள்ளே இறங்கும் மழைத்தண்ணீர் பேடுக்கு வராமல் காப்பது அதுதான். நிறையப் பேர் கிழித்துப் போட்டுவிடுகிறார்கள். எங்கள் வண்டியிலும் டிரைவர் கதவில் கிழித்திருந்தார்கள், அதற்கு பதில் ஜவுளிக்கடைப் பை ஒன்றை டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். பையில் கடையின் பெயர்கூட அழியவில்லை.

வயர்கள் கதவிலிருந்து வண்டிக்குள் நுழைகிற இடத்தைப் பார்த்தேன். டிரில்லால் ஒரு ஓட்டை. அதில் ரப்பர் வளையம் இல்லை, மேலே குழாய் இல்லை. வெட்டிய தகட்டின் விளிம்பு பிளேடு மாதிரி இருக்கிறது, அதன்மேல் ஐந்து வயரும் சும்மா கிடக்கின்றன. பிரவுனும் வெள்ளையும் அந்த விளிம்பில் ஒரு இடத்தில் தோல் உரிந்து, தாமிரம் பளபளவென்று. விரலால் லேசாக நகர்த்தினேன், ஃப்யூஸ் போட்டுத்தான் இருந்தது. டக்கு. இன்னொரு தடவை. டக்கு. ஆளைப் பிடித்துவிட்டேன்.

அம்மா பக்கத்துக் கதவு அவ்வளவு சுலபமாகப் பிடிபடவில்லை. மீட்டரை வைத்து, லாக் மோட்டாருக்கு வரும் வயரில் பார்த்தேன். பூட்டும்போது 12 என்று ஒரு கணம் மின்னி மறைகிறது. அப்படியென்றால் வயர் சரி, மோட்டார்தான் போச்சு என்று முடிவு கட்டி, ஜி.பி. ரோடு போய்ப் புது மோட்டார் வாங்கி வந்தேன். மாட்டினேன். புது மோட்டாரும் நடுங்கியது, இறங்கவில்லை.

தெருமுனையில் ஒரு ஆட்டோ எலெக்ட்ரீசியன் அண்ணன் இருக்கிறார். அவரிடம் சொன்னேன். சிரித்துவிட்டு ஒரு இண்டிகேட்டர் பல்பில் இரண்டு வயர் பற்றவைத்ததை எடுத்துக் கொடுத்தார்.

“மீட்டருக்கு என்ன சார், அது சும்மா எட்டிப் பாத்துட்டு இருக்குன்னு சொல்லிடும். இது தின்னு பாத்துட்டுச் சொல்லும்.”

இதைவிடத் தெளிவாக எந்தப் பாலிடெக்னிக்கிலும் சொல்லித்தர மாட்டார்கள். டிஜிட்டல் மீட்டர் கிட்டத்தட்ட கரண்டே எடுக்காது. வயர் உள்ளே அறுந்து, முனையும் முனையும் பேருக்குத் தொட்டுக்கொண்டிருந்தாலும் அதற்கு முழு வோல்ட் தெரியும். மோட்டாரோ சில ஆம்பியர் கேட்கும். அந்த அரைகுறைத் தொடுதலில் 2 ஓம் தடை இருந்தால் போதும், 3 ஆம்பியர் ஓடும்போது 6 வோல்ட் அங்கேயே காணாமல் போய்விடும். மோட்டாருக்கு மிச்சம் பாதி. 21 வாட் பல்பு ஒன்றே முக்கால் ஆம்பியர் போல எடுக்கிறது. அதனால் அதுவும் மோட்டாரைப் போலவே பட்டினியைக் காட்டிக்கொடுக்கும்.

சரியான கதவு ஒன்றில் மோட்டாரைக் கழற்றி, பல்பை மாட்டி, பூட்டச் சொன்னேன். பளிச். அம்மா பக்கத்துக் கதவில் மாட்டினேன். ஒரு மினுக். நெல்லுக்குள் அரிசி மாதிரி சிவப்பாக இழை மட்டும் தெரிந்தது. வயரைப் பிடித்து நடுத்தூண் பக்கம் அங்குலம் அங்குலமாக வளைத்துக்கொண்டே போனால் ஒரு இடத்தில் மட்டும் ஈர்க்குச்சி ஒடிந்ததுபோல ‘தொளக்’ என்று மடங்கியது. தோல் முழுசாக இருக்கிறது, உள்ளே எலும்பு இல்லை. கீறிப் பார்த்தேன். தாமிர இழைகள் அத்தனையும் அறுந்து, முனைகளில் கோயில் விளக்கில் படிகிற மாதிரி பச்சைக் களிம்பு. அந்தக் களிம்பு வழியாகத்தான் இத்தனை வருடம் அம்மாவின் நாப் நடுங்கிக்கொண்டிருந்தது.

புது மோட்டார் 350 ரூபாய் தண்டம். அண்ணனுக்கு டீ 15 ரூபாய்.

பிறகு முடிவு செய்தேன்: ஒட்டுப்போட வேண்டாம், நாலு கதவுக்கும் புது வயரே இழுத்துவிடுவோம். வீட்டு வயரிங்குக்குப் போடுகிற வயர் வேண்டாம். மடங்கி மடங்கி விரைத்துப் போகும். வண்டிக்கென்றே மெல்லிய இழைகள் நிறைய உள்ள வயர் கிடைக்கிறது. மோட்டாருக்கு 1 சதுர மி.மீ., வெள்ளை, பிரவுனுக்கு அரை போதும். அதே ஜி.பி. ரோட்டில் வயர், ரப்பர் வளையம். மவுண்ட் ரோட்டைத் தாண்டி ரிச்சி தெருவில் ஈயம், சூடு காட்டினால் சுருங்கும் ஸ்லீவ். புதுப்பேட்டையில், உடைத்த வண்டி ஒன்றிலிருந்து எடுத்த ரப்பர் குழாய் நாலு, பேரம் பேசி 200-க்கு.

கதவு ஓட்டைகளை அரத்தால் ராவி, பிரைமர் தடவி, காயவிட்டு, ரப்பர் வளையம் மாட்டினேன். ரப்பர் குழாய்க்குள் வயர் நுழைப்பது ஒரு வதை. கட்டுக்கம்பியை முதலில் விட்டு, அதன் நுனியில் வயரைக் கட்டி, பவுடர் தூவி இழுத்தால் வழுக்கிக்கொண்டு வரும். குழந்தைக்குப் போடுகிற பவுடர். நான் முதலில் தேங்காயெண்ணெய் போட்டேன். எண்ணெய் ரப்பரைத் தின்னும் என்று அண்ணன் திட்டிய பிறகு எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரில் கழுவினேன்.

மடங்குகிற இடத்தில் ஜாயின்ட் போடவே கூடாது. ஈயம் வைத்த வயர் குச்சி மாதிரி விரைத்துவிடும். ஈயம் முடிகிற விளிம்பில்தான் வளைவு முழுக்க விழும், அங்கேயே அறுக்கும். அதனால் கதவுக்குள் மோட்டாரிலிருந்து தூண் தாண்டி வண்டிக்குள் வரை ஒரே வயர், கதவு முழுசாகத் திறந்தாலும் இழுபடாத அளவுக்குத் தொய்வு விட்டு. ஜாயின்ட் எல்லாம் உள்ளே, காலடித் தகட்டுக்குப் பின்னால். பழைய ஜாயின்டுகள் எல்லாமே முறுக்கி டேப் சுற்றியவை. சென்னை வெயிலில் அந்த டேப்பின் பசை உருகிப் பலாப்பழப் பிசின் மாதிரி வழிந்து, கார்ப்பெட்டுக்குக் கீழே ஈரத்தில் ஊறிக் கிடந்தது. அதை நகத்திலிருந்து எடுக்க மண்ணெண்ணெய் வேண்டியிருந்தது.

மூன்றாவது ஞாயிறு, நான் சொன்ன அந்த அசடு.

டிரைவர் கதவின் நீலம், பச்சையைச் சேர்த்துவிட்டேன். வெள்ளையும் பிரவுனும் பாக்ஸ் பக்கம் தோல் சீவி, ஈயம் வைக்கத் தயாராகத் தொங்குகின்றன. மோட்டார் ஓடுகிறதா என்று பார்க்க ஃப்யூஸைப் போட்டிருந்தேன். வேலை செய்யும்போது பேட்டரியின் மைனஸைக் கழற்றி வை என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான். தூறல் போட்டது. சாவி, போன், டெஸ்ட் பல்பு, எல்லாம் சீட்டில். அவசரமாக நாலு கதவையும் சாத்தினேன். கடைசிக் கதவு சாத்திய அதிர்ச்சியில் தொங்கிய வெள்ளை ஆடிப் போய் ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த இரும்புப் பட்டையைத் தொட்டது.

டக்.

கண்ணாடிகள் மேலே. மாற்றுச் சாவி பெங்களூரில் தம்பியிடம். டிக்கி சாவி போட்டால்தான் திறக்கும். மழையில் நனைந்துகொண்டு, என் வண்டியை நானே எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். எதிர் வீட்டு மாமா ஸ்கேல் கொண்டுவரட்டுமா என்று கேட்டார். கண்ணாடி இடுக்கில் ஸ்கேலை விட்டால் நான் போட்ட புது வயரைத்தான் முதலில் கிழிப்பார்.

வராண்டாவில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: “என் பக்கத்துக் கதவு என்னிக்குடா பூட்டிச்சு?”

போய் இழுத்தேன். திறந்துகொண்டது. அந்தக் கதவுக்கு மட்டும் இன்னும் புது வயர் போட்டிருக்கவில்லை.

நாலாவது ஞாயிறு அதையும் போட்டேன். இதற்கு நடுத்தூண் பிளாஸ்டிக்கைக் கழற்ற வேண்டும், சீட் பெல்ட் போல்ட்டைத் தளர்த்த வேண்டும். போல்ட்டை மறுபடி முறையாக முடுக்குங்கள், அது விளையாட்டில்லை. கதவுக்குள் வயர் கண்ணாடி இறங்கும் பாதையில் படாமல் கட்டிவிட்டு, பேடை மூடும் முன் பத்து தடவையாவது கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தேன். பூட்டின் பழைய கிரீஸ் மெழுகு மாதிரி இறுகிக் கிடந்தது. துடைத்துப் புது வெள்ளை கிரீஸ். ஜவுளிக்கடைப் பைக்கு பதில் கெட்டி பிளாஸ்டிக் தாள். பேட் கிளிப் ஏழு உடைந்திருந்தது, அதற்கு ஒரு நடை. பாக்ஸுக்குத் தனியாக 15 ஆம்பியர் ஃப்யூஸ். மோட்டார் வயர் ஏதாவது தகட்டைத் தொட்டால் சும்மா இருக்கும்போது ஒன்றும் தெரியாது, ஏற்கெனவே எர்த்தில்தானே இருக்கிறது. பூட்டுகிற அந்த அரை வினாடியில்தான் வெடிக்கும். வயர் எரிவதைவிட ஃப்யூஸ் எரியட்டும்.

இதைப் படித்துவிட்டுப் புது வண்டியில் இறங்கிவிடாதீர்கள். கதவைத் தட்டினால் கம்ப்யூட்டருக்குக் கேட்கிற வண்டிகளில் ஒரு வயரைக் கீறினால் செலவு எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. இது பழைய வண்டிக்கான வேலை. மொத்தச் செலவு, தண்ட மோட்டாரையும் சேர்த்து, 1,600 சொச்சம்.

சாயங்காலம் அம்மாவை உட்காரவைத்து ஒரு ரவுண்டு கிளம்பினேன். கதவைச் சாத்தி நாப்பை அழுத்தினேன். நாலும் ஒரே சத்தம். அம்மா பழக்கத்தில் விரலைக் கொண்டுபோனாள், நாப் அதற்குள் இறங்கியிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நல்லாத்தான் இருக்கு. இனிமே சாவிய உள்ள வெச்சுப் பூட்டிட்டேன்னா என்னடா பண்ணுவ?”

வண்டியைத் திருப்பி நேரே ஸ்டேஷன் பக்கம் விட்டேன். சாவி வெட்டுகிறவர் அப்போதுதான் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார்.